ஒரு சாண் முன்னால்

போன கொடைக்கு டிராக்டர்க்காரர் வந்து சேர
இரண்டு மணி நேரம் பிந்திவிட்டது.
அதற்குள் இருட்டிலேயே ஆடி முடித்திருந்தது சுடலை.
படைத்த சோறு ஆறிப்போயிருந்தது.
வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது கமிட்டி.
ஜெனரேட்டர் என்னுடையது என்றால்
அதை இழுப்பதும் என்னுடையதாய் இருக்கட்டும் என்று
திசையன்விளை வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தரகர் பால்வண்ணம் முதலில் காட்டியது
உவரியில் மீன் ஏற்றிய பிக்கப்.
"புது மாப்பிள்ளை மாதிரி நிக்கான், பாருங்க மைனி."
சேலையைச் செருகிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன்.
ஸ்குரூடிரைவரால் ஒரு குத்து.
சேஸிலிருந்து அப்பளம் போல் உதிர்ந்து
முகத்தில் விழுந்தது கடல் உப்பு.
எழுந்து துப்பினேன்.
தரகர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது களக்காட்டு வண்டி.
வாழைத்தார் சுமந்து கறைபிடித்த தொட்டி,
நசுங்கின கதவு, ரிவர்ஸ் போட்டால் ஒரு கனைப்பு.
ஆனால் சட்டம் நேர்.
மேம்பாலத்து ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி,
தொட்டியில் இருபது மூட்டை சிமெண்டோடு
முதல் கியரில் எடுத்துப் பார்த்தேன்.
கிளட்ச் நாறவில்லை.
இரண்டு வளையல், ஒரு சீட்டு, மிச்சத்துக்கு பைனான்ஸ்.

பேட்டையில் மைதீன் பிச்சை பட்டறை.
"பம்பரிலேயே கொக்கி வச்சிருவோம், எண்ணூறு ரூபாதான்"
என்றான் வெல்டிங் பையன்.
மைதீன் பிச்சை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பம்பர் மீசைடா.
மீசையைப் பிடிச்சா ஆளை இழுப்பாக?"
இரண்டு சட்டத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு விட்டம்,
எட்டு போல்ட்டு, பின்பட்டையில் ஒரு தகடு கூடுதல்.
கொக்கிக்குக் கீழே எக்ஸ் போல இரண்டு சங்கிலி:
தப்பித்தவறிக் கழன்றாலும்
ஏர்க்கால் ரோட்டில் குத்தாமல் தொட்டிலில் விழும்.

ஆனி மாதத்துக் காற்று.
நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் ஐம்பதைத் தொட்டதும்
இடக் கண்ணாடியில் எட்டிப்பார்த்தது ஜெனரேட்டர்.
அப்புறம் வலக் கண்ணாடியில்.
மறுபடி இடம், இன்னும் கொஞ்சம் நெருக்கமாக.
பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் மாசானமுத்து
ஏதோ யோசனை சொல்ல வாயெடுத்து
இசக்கியம்மையைக் கூப்பிட்டார்.
நான் பிரேக்கைத் தொடவில்லை.
ஸ்டியரிங்கை நேராய்ப் பிடித்துக் காலை மட்டும் எடுத்தேன்.
ஆடி ஆடி, சலித்து, அடங்கியது.
புளியமரத்தடியில் நிறுத்தின பிறகுதான்
என் முழங்கால் ஆடத் தொடங்கியது.

அரிசி ஆலையின் மேடைத் தராசைக் கேட்டு வாங்கி
ஏர்க்கால் முனையை அதில் இருத்தினோம்.
நாற்பது கிலோ.
ஒன்றரை டன்னுக்கு நாற்பது!
கொக்கியில் பத்தில் ஒரு பங்காவது உட்கார வேண்டும்.
பெட்டி பின்னால் சாய்ந்து
சொகுசாய் வந்திருக்கிறது இத்தனை நாளும்,
டிராக்டரின் மெதுவில் தெரியவில்லை.
நட்டுகளைக் கழற்றி, கடப்பாரை கொடுத்து,
ஜெனரேட்டரை ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம்.
முள் நூற்றைம்பதில் நின்றது.
ஒரு சாண்தான்.
மாசானமுத்து தன் கையை விரித்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கொடை, ராதாபுரம் பக்கம்.
காற்றாலைகளுக்கு நடுவே அறுபதில் போனோம்,
கண்ணாடியில் எவரும் எட்டிப்பார்க்கவில்லை.
ஆனால் பின்னால் ஒரு மினி பஸ் விடாமல் ஒலித்தது.
பக்கத்தில் வந்து தலையை நீட்டினான் டிரைவர்:
"ஏக்கா, கையைப் பார்க்கவா, லைட்டைப் பார்க்கவா?
எந்தப் பக்கந்தான் போறிய?"

கோயில் முன்னால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பிளக்கைப் பிரித்தேன்.
மஞ்சள் வயர் பச்சைக்குப் போக வேண்டிய இடத்தில்.
வில்லுக்காரர் மணியை ஒவ்வொன்றாய்த் தட்டி
சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மாற்றி முறுக்கி, டேப் சுற்றி,
இடம் போட்டேன், இடம் சிமிட்டியது.

சக்கரத்தை இறக்கி, கொக்கியைக் கழற்றினேன்.
பிக்கப்பின் முதுகு இரண்டு விரல் எழும்பியது.
"லைட்டு எத்தனை மணிக்கு வரும்?" என்றார் கமிட்டித் தலைவர்,
போன தடவை பாதியைப் பிடித்தவர்.
எட்டு மணி என்று பேச்சு.
அப்போது மணி ஏழேகால்.